ஆற விட்ட நாட்கள்

பேசக்கூடாது, அசையக்கூடாது, தூங்கிவிடவும் கூடாது என்று அடுக்கிவிட்டு டெஸ்ட் எடுக்கும் பெண் விளக்கைக் குறைத்தாள். படுக்க வைத்து, ஃபேனைப் போட்டு, விளக்கையும் குறைத்த பிறகு தூங்காதே என்றால் எப்படி என்று தெய்வானைக்கு விளங்கவில்லை. கேட்கலாம் என்றால் பேசக்கூடாது. இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பட்டை சுற்றியிருந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் கிளம்பிப் பக்கத்து மேஜைப் பெட்டிக்குள் போயிற்று. கல்யாணத்தன்று கூட யாரும் தன்னை இத்தனை இடத்தில் கட்டிப் போட்டதில்லை என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரித்தால் அது அசைவில் சேருமா, சேராதா? பட்டை நல்ல பட்டைதான், அதில் குறை சொல்ல முடியாது. அந்தப் பெண் சுற்றும்போதே ஓரத்தை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டாள். திருப்பூர் எலாஸ்டிக் கம்பெனி ஒன்றின் செக்கிங் மேஜையில் பாதி ஆயுசு நின்றவளுக்கு நீளக்கூடியது எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. ஜவுளிக்கடையில் பாவாடை இடுப்பு, கொரோனா சமயத்தில் மாஸ்க்கின் காது நாடா, பேத்தியின் ஹேர்பேண்ட், எதையும் விட்டதில்லை. இழுப்பாள், நிறுத்துவாள், விடுவாள், பழைய அளவுக்குத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பாள். "உன்னையக் கூட்டிட்டு ஜட்டி வாங்கப் போனா மானம் போகுது புள்ள" என்று புருஷன் சென்னியப்பன் ஒருமுறை கடையை விட்டே வெளியே போய் நின்றுகொண்டார். அவர் இப்போதும் வெளியேதான் இருக்கிறார், கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில். அந்த இருமல் அவருடையதுதான். சும்மா இருக்கும்போது இருமுகிற மனுஷன்.

மூக்கு அரித்தது. அரிக்கும், அசையாதே என்றால் உடனே அரிக்கும். மூக்கை மறக்க வேண்டுமென்றால் வேறு எதையாவது நினைக்க வேண்டும், வேறு எதை நினைத்தாலும் அது சுற்றிச் சுற்றி மாத்திரையில் வந்து நிற்கிறது. அதையும் நினைக்கக்கூடாது, நினைத்தால் பிரஷர் ஏறும், ஏறினால் இந்தப் பெட்டிக்குத் தெரிந்துவிடும். டாக்டர் மீனலோசனி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நல்ல பெண், வயதில் தெய்வானையின் மகளைவிடச் சின்னவள். "எங்க வேலை செய்யறீங்கம்மா?" என்று கேட்டுவிட்டு, அதற்குத் தகுந்தாற்போல் விளக்குவதாக நினைத்து, "ரத்தக்குழாயும் எலாஸ்டிக் மாதிரிதாம்மா. இதயம் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அது விரிஞ்சு கொடுக்கணும், பொறகு சுருங்கித் திரும்பணும். பிரஷர் கூடவே இருந்தா இழுபட்டு இழுபட்டு விறைச்சுப் போயிரும்" என்றாள். எலாஸ்டிக்கைப் பற்றித் தெய்வானையிடமா சொல்வது! ரத்தக்குழாய் என்று மட்டும் சொல்லியிருந்தால் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரையை விழுங்கியிருப்பாள். எலாஸ்டிக் என்றதும் அது அவளுடைய விஷயமாகிவிட்டது. நீங்க பிரிஸ்கிரிப்ஷனை எழுதுங்க தாயி, மீதியை நான் பார்த்துக்கறேன் என்று மனசுக்குள் அப்போதே சொல்லிவிட்டாள்.

ஏனென்றால் எலாஸ்டிக்கில் முதல் பாடமே ஆற விடுவதுதான். தறியிலிருந்து இறங்கி இறுக்கமாகச் சுற்றப்பட்டு வருகிற ரோலை அப்படியே எடுத்து வெட்டினால் போச்சு. வெட்டும்போது சரியாக இருக்கும், தைத்த பிறகு சுருங்கிச் சிணுங்கும். அவிழ்த்துப் பெட்டியில் தளர்வாகக் கொட்டி ராத்திரி முழுக்கச் சும்மா விட வேண்டும். இழுபட்ட களைப்பு தீர்ந்து அது தன் சொந்த அளவுக்கு வரும். அவசரத்தில் ஆற விடாமல் அனுப்பி ஒரு லோடு முழுக்க வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த வருஷத்தை அந்தக் கம்பெனியில் யாரும் மறக்கவில்லை. அதனால் மாத்திரையை முதல் வாரம் முழுக்க ஒழுங்காகப் போட்டுவிட்டுத் தெய்வானை யோசித்தாள். மாத்திரை என்ன செய்கிறது? மேலே நிற்கிற பிரஷரைக் கீழே இறக்குகிறது. இறக்குவது என்றால் இழுப்பதுதானே. தினமும் விடாமல் இழுத்தால் குழாய் எப்போது ஆறும்? ஆக ஞாயிற்றுக்கிழமை ஆற விட்டாள். கம்பெனிக்கே லீவு, குழாய்க்கு மட்டும் வேலையா. பிறகு செவ்வாயும் வெள்ளியும் விரதம் என்பதால் அன்றும் ஆற விட்டாள். ஒன்றும் ஆகவில்லை, தலை சுற்றவில்லை, கண் இருட்டவில்லை, ஆற விட்ட நாளில் உடம்பு இன்னும் லேசாகக்கூட இருப்பதாகப் பட்டது. அப்புறம் எந்தெந்த நாள் என்று கணக்கு வைப்பதும் நின்றுபோயிற்று. சென்னியப்பனிடம் சொல்லவில்லை. சொன்னால் காலையும் மாலையும் தம்ளரில் தண்ணீரோடு எதிரே வந்து நிற்பார், விழுங்கினாயா, வாயைத் திற என்பார். டாக்டரிடமும் சொல்லவில்லை. டாக்டர் ஒவ்வொரு முறையும் பிரஷரைப் பார்த்துவிட்டு, "மாத்திரை ஒழுங்காப் போடறீங்களாம்மா?" என்பாள். "போடறனுங்க" என்பாள் இவள். ஒழுங்காகத்தான் போடுகிறாள், ஆனால் அந்த ஒழுங்கு இவளுடைய ஒழுங்கு.

ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிறீச் என்றது. சுற்று, கிறீச், சுற்று, கிறீச். அதற்குத் தோதாகக் கால் கட்டை விரல் ஆட ஆரம்பித்துவிட்டதைத் தெய்வானை தாமதமாகத்தான் கவனித்தாள், கவனித்து நிறுத்தினாள். இந்தக் கால் முன்னெல்லாம் இப்படிக் கிடையாது. மேஜைக்கு முன்னால் நின்று நின்று நரம்பு புடைத்த கால், நிற்பதற்கென்றே பிறந்ததாக அவளே நினைத்திருந்த கால். போன தை மாசம் சரோஜா கையைப் பிடித்து இழுக்காத குறையாக மாரியம்மன் கோயில் திடலுக்கு வள்ளி கும்மி வகுப்புக்குக் கூட்டிப் போனாள். கம்பெனியில் பக்கத்து மேஜை சரோஜா, எதிலும் துணை தேடுகிறவள். சும்மா வேடிக்கை பார்க்கத்தான் என்று போனது. வள்ளி தினைப்புனம் காக்கிற இடத்தை வாத்தியார் எடுத்துப் பாட, வரிசை வரிசையாகப் பெண்களும் ஆண்களும் கைதட்டிக் குனிந்து நிமிர்ந்து திரும்ப, இவள் கையும் தானாகத் தட்ட ஆரம்பித்தது. சந்தோஷம்தான், வேறென்ன. குனிந்தே பார்த்த தலை நிமிர்கிறது, நின்ற கால் குதிக்கிறது. "தெய்வானைக்கு வள்ளி கும்மியில என்னடி வேலை, சக்களத்தி கல்யாணத்துக்கு நீ ஆடறயா?" என்று சென்னியப்பன் சத்தமாகச் சிரித்தார். சிரிக்கட்டும் என்று ஆடினாள். முதலில் கடைசி வரிசை. சித்திரையில் நடு வரிசை. ஆடியில் வாத்தியார், "தெய்வானையக்கா, முன்னால வாங்க, உங்க காலைப் பாத்து மத்தவிய ஆடட்டும்" என்றபோது வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வண்டியின் பின்சீட்டில் அவளால் சும்மா உட்கார முடியவில்லை, சென்னியப்பன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். அடுத்த மாதம் அரங்கேற்றம். பச்சைச் சேலை, சிவப்பு ரவிக்கை, எல்லாருக்கும் ஒன்றுபோல. அப்போதுதான் டாக்டர் குறுக்கே வந்தாள். "மாத்திரை போட்டும் இறங்க மாட்டேங்குது. மணிக்கணக்கா குதிக்கிற ஆட்டம் இப்ப வேண்டாம்மா. குழாய் எப்படி இருக்குன்னு ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு, ஆடலாமா கூடாதான்னு சொல்றேன்."

அதற்குத்தான் இந்தப் படுக்கை. இந்தப் பெட்டி ஆடு என்றால் ஆடலாம், கூடாது என்றால் பச்சைச் சேலை பீரோவுக்குள். ஒரு துடிப்பு நெஞ்சிலிருந்து கிளம்பிக் கணுக்காலுக்கு எவ்வளவு விரசாகப் போய்ச் சேருகிறது என்று மெஷின் பார்க்குமாம். குழாய் இளகலாக இருந்தால் துடிப்பு மெதுவாகப் போகும், விறைத்திருந்தால் சட்டென்று போய்விடும், கேட்டபோது டெஸ்ட் எடுக்கும் பெண் அப்படித்தான் சொன்னாள். இது நல்ல கூத்தாக இருந்தது. வாழ்நாள் முழுக்க வேகம் பத்தாது, வேகம் பத்தாது என்று சூப்பர்வைசரிடம் பாட்டு வாங்கியாயிற்று, இங்கே மெதுவாகப் போனால்தான் பாஸ். சாமி, மெதுவாப் போ, ஒண்ணும் அவசரமில்லை, வழியில் டீ குடித்துவிட்டுப் போ என்று தெய்வானை தன் துடிப்பிடம் கெஞ்சினாள். கெஞ்சக் கெஞ்ச அது வேகமாக அடித்தது. பயந்தால் அடிக்கும். பயப்படக்கூடாது என்று நினைத்தவுடன் கூடப் பிறந்த ருக்கு அக்கா மனசில் வந்து நின்றாள். ருக்குவுக்கும் பிரஷர் இருந்தது, யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது, கை கரண்டியை விட்டுவிட்டது. இப்போது பாதி வாயால்தான் பேசுகிறாள், ஆனால் மருமகளைத் திட்டுவதில் குறைவில்லை, அது முழு அளவுக்கு வருகிறது. போன வாரம்கூடப் போனில், "ந்நீ ஆடு, எனக்கும் சேத்து ஆடு" என்றாள். தெய்வானைக்குக் கண் ஓரம் நனைந்து காதுப் பக்கம் வழிந்தது. துடைக்கக்கூடாது. மூக்கு அரிப்புக்குத் துணையாக இப்போது காதும் சேர்ந்துகொண்டது.

பெட்டி உர்ரென்றது. நாலு பட்டையும் ஒரே நேரத்தில் உப்ப ஆரம்பித்தன. முதலில் சும்மா தொட்டது, பிறகு பிடித்தது, பிறகு சந்தைக்குப் போகும்போது பிள்ளை கையைப் பிடிப்பது மாதிரி விடாமல் இறுக்கியது. இறுக்கத்துக்குள் அடித்தது. வலது கையில் தட், இடது கையில் தட், கணுக்கால்களில் ஒரு இமைப்பொழுது தள்ளித் தட் தட். அட, நான்தானா இது என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. இத்தனை வருஷம் உள்ளே கிடந்து அடிக்கிறது, ஒருநாளும் இவ்வளவு பக்கத்தில் நின்று கேட்டதில்லை. தட், தட். ஒவ்வொன்றும் பட்டையை உள்ளேயிருந்து தள்ளுகிறது. தள்ளுகிறது, விடுகிறது, மறுபடி தள்ளுகிறது. செக்கிங் மேஜையில் இவள் செய்கிற அதே வேலைதான், ஆனால் இவள் மதியம் சாப்பிடப் போவாள், சாயந்திரம் வீட்டுக்குப் போவாள். தறிக்கே ஆயுத பூஜையன்று பொட்டு வைத்து நிறுத்திவிடுகிறார்கள். இது நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை நின்றதா? விரதத்தன்று நின்றதா? நின்றிருந்தால் இவள் இங்கே படுத்திருக்க மாட்டாள். அப்படியானால், தெய்வானையின் நினைப்பு அங்கே முள்ளில் சேலை மாட்டியது மாதிரி நின்றது, அப்படியானால் இழுக்கிறது மாத்திரை இல்லையே. இழுக்கிறது இந்தத் தட். பிரஷர் கூடினால் தட்டும் பலமாக விழும், இழுப்பும் கூடும். மாத்திரை என்ன செய்யும், அந்தத் தட்டைக் கொஞ்சம் மெதுவாக விழச் செய்யும். அடக் கருமமே. மாத்திரைதானே பெட்டி! ரோலை அவிழ்த்துத் தளர்வாகக் கொட்டி வைக்கிற பெட்டியே அதுதானே! ஆற விடுகிறேன் ஆற விடுகிறேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி இறுக்கிச் சுற்றியிருக்கிறாள். செக்கிங்கில் புதிதாக வந்த பிள்ளைகள்கூட இந்தத் தப்பைச் செய்யாது. எலாஸ்டிக் தெரிந்தவள் என்கிற மிதப்பில்தான் இது நடந்தது. தெரியாதவளாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாள்.

காற்று புஸ்ஸென்று இறங்கியது, கைகால் தன்னிடமே திரும்பி வந்தது. வெட்கமாக இருந்தது, யாரும் பார்க்காத இருட்டில்கூட முகம் சுட்டது. சொல்லிவிடலாமா? சொன்னால் டாக்டர் என்ன சொல்வாள்? இத்தனை நாள் பொய் சொன்னீங்களா, இனி ஆட்டமும் கிடையாது பாட்டமும் கிடையாது என்பாள். சென்னியப்பனுக்குத் தெரியும், தெரிந்தால் தம்ளர், வாயைத் திற. சொல்லாமல் விட்டால்? இன்றிலிருந்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் போகிறது, பழசை யார் கேட்கப் போகிறார்கள், பெட்டி துடிப்பைத்தான் பார்க்கும், மனசைப் பார்க்காது. அதுதான் சரி. போடறனுங்க, அவ்வளவுதான், பழகிப்போன வார்த்தை, நாக்கில் தானாக வரும். ஆனால் திரும்பி வராத எலாஸ்டிக்கைத் திரும்பி வந்தது என்று சீல் குத்தி அனுப்பியிருக்கிறாளா ஒருநாளாவது? இல்லை. அது வேறு, இது வேறு. வேறா? டெஸ்ட் எடுக்கும் பெண் விளக்கைப் போட்டு, "முடிஞ்சுதுங்கம்மா, எந்திரிங்க" என்றபோது தெய்வானை முதலில் செய்தது மூக்கைச் சொறிந்ததுதான். அப்படி ஒரு சுகம் அவள் வாழ்க்கையில் அபூர்வம்.

டாக்டரின் அறையில் சென்னியப்பன் ஏற்கெனவே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் மீனலோசனி மெஷின் கொடுத்த தாளைப் புரட்டினாள், நெற்றியைச் சுருக்கினாள்.

"குழாய் விறைப்பாத்தாம்மா இருக்கு. மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கலைன்னா உள்ள வேற ஏதாவது இருக்கான்னு பாக்கணும். கிட்னிக்கு ஸ்கேன், கோயம்புத்தூர்ல ஒரு பெரிய டாக்டருக்கு எழுதித் தர்றேன். இன்னும் ரெண்டு மாத்திரை சேக்கணும். ஆட்டத்தைப் பத்தி இப்ப நெனைக்கவே வேண்டாம்." பேனாவை எடுத்துச் சீட்டை எழுதியபடியே வழக்கம்போலக் கேட்டாள். "மாத்திரை ஒழுங்காத்தானே போடறீங்க?"

போடறனுங்க என்பது நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அதைத் தெய்வானை எச்சிலோடு விழுங்கினாள்.

"இல்லீங்க" என்றாள். "ஆற உட்டனுங்க."

"என்ன விட்டீங்க?"

சொன்னாள். ரோலையும் பெட்டியையும், ஞாயிறையும் விரதத்தையும், இப்போது படுத்துக் கிடந்தபோது புத்தி வந்ததையும், ஒரே மூச்சில், டாக்டரின் முகத்தைப் பார்க்காமல் மேஜைக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். சென்னியப்பனின் இருமல் பாதியில் நின்றுவிட்டது.

"பாதி நாள் போடவே இல்லையா?"

"பாதிக்கு மேலயே இருக்குமுங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். பிறகு, தெய்வானை கொஞ்சமும் எதிர்பார்க்காதபடி, நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"அம்மா, இதை முன்னாடியே சொல்ல மாட்டீங்களா! தெனமும் போட்டும் இறங்கலைன்னாத்தான் நான் பயப்படணும். போடாம இறங்கலைன்னா அது நல்ல சேதிம்மா. மாத்திரை தோக்கலை, நீங்க அதை ஆடவே விடலை." எழுதிய கோயம்புத்தூர்ச் சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டாள். "ஒருநாள் விடாம போடுங்க. பிரஷர் இறங்குனா குழாய் மேல இழுப்பு குறையும், மாசக்கணக்குல கொஞ்சம் இளகவும் செய்யும். முழுக்கப் பழையபடி வரும்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்ப இருக்கறதைவிட நிச்சயம் நல்லா வரும். அரங்கேற்றம் எப்ப?"

"அடுத்த மாசக் கடைசியிலீங்க."

"அதுக்கு முந்தின வாரம் வாங்க. பிரஷர் இறங்கியிருந்தா ஆடுங்க, நானே வந்து பாக்கறேன். இறங்கலைன்னா உக்காந்து கை தட்டோணும், சம்மதமா? அதுவரைக்கும் தெனம் நடங்க, மெதுவான அடி மட்டும் பழகுங்க. மூச்சு வாங்குனா நின்னுருங்க."

"சம்மதமுங்க" என்ற தெய்வானைக்கு அந்த டாக்டர் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிக்க வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டு, "மெசினு கடைசியா என்னதானுங்க சொல்லுது?" என்று தாளை எட்டிப் பார்த்தாள்.

"குழாய்க்கு ஒரு வயசு போட்டிருக்கும்மா, குத்துமதிப்பாத்தான். உங்களுக்கு அம்பத்தெட்டு. உங்க குழாய்க்கு எழுபத்தொண்ணுன்னு காட்டுது."

சென்னியப்பன்தான் முதலில் வாய் திறந்தார். அவருக்குக் கோபம் இருந்தது, பயமும் இருந்தது, குரல் இரண்டுக்கும் நடுவில் நடுங்கியது. "எழுபத்தொண்ணா! எனக்கே அறுவத்திமூணுதான் ஆகுது. ஏம்புள்ள, இனி உன்ற ரத்தக்குழாய நான் வாங்க போங்கன்னு மருவாதியாக் கூப்புடோணுமாட்ட இருக்குதே."

தெய்வானை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். எழுபத்தொண்ணு. அந்த எண்ணை ஒருதரம் உள்ளே இழுத்துப் பார்த்தாள், நிறுத்தினாள், விட்டாள். பிறகு அவள் முகம் மெல்ல மெல்ல விரிவதை டாக்டரும் சென்னியப்பனும் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள்.

"அப்பிடீன்னா பாருங்க மாமா" என்றாள் தெய்வானை. "எழுவத்தொரு வயசுக் கொழாய வெச்சுக்கிட்டு, இருவது வயசுப் புள்ளைகளுக்கு முன்னால நின்னு ஆடியிருக்கறேன். இது மட்டும் அம்பத்தெட்டுக்கு எறங்கட்டும், அப்பறம் எவ என் கூட நின்னு ஆடறான்னு பாக்கறேன்!"